முப்பத்து மூன்றாம் சுற்று

ஜாக்சன், டென்னசி
6 மே 1957

அன்புள்ள ஆல்டன்,

நலம்தானே? நாம் பிரிந்து நான்கு வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உங்கள் இசை விமர்சனப் பத்தியைப் படித்தேன். "ஜோ டெலானி என்னும் இந்த மனிதர் பாடுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா? முதல் பாட்டை மூன்றரை நிமிடம் இழுக்கிறார். சவ ஊர்வலம்கூட இதைவிட விரைவாகப் போகும். இளைஞர்கள் இதற்கா ஆடுகிறார்கள்?"

ஜோ டெலானி என்ற பெயரில் பாடுவது நான்தான் என்று உங்களுக்குத் தெரியாதா? மெம்ஃபிஸில் பாதிப் பேருக்குத் தெரியும். பாட்டு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், அது உங்கள் வேலை. என்னை ஆண்பிள்ளை என்று எழுதியதுதான் தாங்கவில்லை. பாத்திரம் கழுவும்போது நான் பாடினால், "லாரிக்காரன் மாதிரி என்ன குரல்டி இது" என்பீர்களே. அதை ஊரறிய அச்சில் போட்டுவிட்டீர்கள்.

உங்கள் ஊர்க் கடைகள் என் முதல் ஆல்பத்தின் இருநூறு பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டன. கம்பெனி முதலாளி ஸ்டோக்லி, "ஏம்மா, சொந்த ஊர்ப் பேப்பரே காறித் துப்பினா வெளியூர்க்காரன் எதுக்கு வாங்குவான்?" என்கிறார். இரண்டாவது ஆல்பம் உண்டா இல்லையா என்று ஜூன் நடுவில் முடிவு செய்வாராம். பகல் முழுக்க இந்த ஊர் மருந்துக் கடையில் சோடா ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பாடி, மூன்று வருடத்தில் சேர்த்த பாட்டுகள் அவை.

வெர்னா

*

மெம்ஃபிஸ்
10 மே 1957

அன்புள்ள வெர்னா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். உள்ளே படித்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது.

சத்தியமாக எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது கடைக்குப் போகும் முன் அனுப்பும் மாதிரிப் பிரதி. படம் இல்லை, வெறும் வெள்ளைப் பெட்டி. பெயர் ஜோ டெலானி என்று மட்டும் இருந்தது. 'மனிதர்' என்று வந்தது அச்சுக் கோப்பவர் செய்த பிழை. நான் 'பாடகி' என்றுதான் எழுதியிருந்தேன். அவரைக் கண்டித்துவிட்டேன்.

மற்றபடி, விமர்சகனாக நான் சொன்னதில் மாற்றமில்லை. சிம்பொனி கேட்டுப் பழகிய காது இது. உன் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன். அந்த முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது?

ஆல்டன்

*

ஜாக்சன்
19 மே 1957

அன்புள்ள ஆல்டன்,

முதுகு பரவாயில்லை. அச்சுக் கோப்பவரைப் பாவம் விட்டுவிடுங்கள்.

'மூன்றரை நிமிடம்' என்று எழுதியிருந்தீர்களே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. என் முதல் பாட்டு இரண்டு நிமிடம் முப்பத்தாறு நொடி. ஒலிப்பதிவு அறையில் இருக்கும் டார்வினிடம் சொன்னேன். அவன் கடிகாரத்தை எடுத்தான், இசைத்தட்டைப் போட்டான், கிராமபோன் விசையைத் தள்ளி வேகத்தைக் குறைத்தான். மூன்று நிமிடம் முப்பத்தொரு நொடி! குரல் நிஜமாகவே குடித்துவிட்டுப் புலம்பும் ஓர் ஆளின் குரல்.

"அக்கா! நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்த வேண்டிய தட்ட உங்க வீட்டுக்காரரு முப்பத்து மூணுல ஓட விட்டிருக்காரு! முப்பத்து மூணுல ஓடுற சிம்பொனியக் கேட்டுட்டு விசையத் தள்ள மறந்துட்டாரு மனுஷன்!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதே பெரிய நிம்மதி.

ஆனால் என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள்? என் முதல் கடிதம் வந்ததும் நீங்கள் தட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு வரி போடுங்கள். தவறான வேகத்தில் கேட்டுவிட்டேன் என்று. அது போதும், ஸ்டோக்லியிடம் காட்டிக்கொள்வேன்.

வெர்னா

*

மெம்ஃபிஸ்
24 மே 1957

அன்புள்ள வெர்னா,

கண்டுபிடித்துவிட்டாய். உன் முதல் கடிதம் வந்த அன்றே விசையைத் தள்ளிப் பார்த்தேன். உன் குரல் வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வருடமாக இந்த ஊருக்கு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருப்பவன் நான். வெட்கத்தில் உன்னிடமே பொய் எழுதினேன். அச்சுக் கோப்பவரிடம் நேற்று மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஏனென்றால் நான் அவரைக் கண்டிக்கவே இல்லை.

ஒரு வரி என்ன, இந்த ஞாயிற்றுக்கிழமை பத்தி முழுக்க அதுதான். எதையும் மறைக்கவில்லை. ஆசிரியர் விட்லோ படித்துவிட்டு, "யோவ், பதினாலு வருஷத்துல உன் எழுத்தப் படிச்சு நான் சிரிச்சது இதான்யா மொத தடவ" என்றார். இனி எல்லாம் சரியாகிவிடும்.

ஆல்டன்

*

ஜாக்சன்
8 ஜூன் 1957

அன்புள்ள ஆல்டன்,

படித்தேன். எல்லாரும் படித்துவிட்டார்கள். நாலைந்து ஊர்ப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டிருக்கின்றன.

வானொலிக்காரர்கள் இப்போது என் பாட்டைத் தினமும் போடுகிறார்கள், முப்பத்து மூன்று சுற்றில். ஜனங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு "அந்தக் குடிகாரன் பாட்டப் போடுங்க" என்கிறார்களாம். டையர்ஸ்பர்க் நடன அரங்கில் நான் மேடை ஏறியதுமே முன்வரிசைப் பையன்கள், "மெதுவா! மெதுவாப் பாடும்மா!" என்று கத்தினார்கள். சிரித்துக்கொண்டே பாடி முடித்தேன். பிறகு காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

ஸ்டோக்லிக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டாவது ஆல்பத்துக்கு ஒப்பந்தம் வந்துவிட்டது, பாதிப் பாட்டு அந்தக் குடிகாரக் குரலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் கேட்டதைத்தான் நீங்கள் செய்தீர்கள், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். உங்கள் கிராமபோன் இருக்கிறது, விசை இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இருக்கிறது, நீங்கள் அசடு வழிந்தது இருக்கிறது. என் பாட்டு எங்கே? நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை, ஏதாவது? என் ஆல்பத்துக்கு நீங்கள் இன்னும் விமர்சனமே எழுதவில்லை, ஆல்டன்.

அச்சில் வேண்டாம், எனக்கு மட்டும் எழுதுங்கள். பன்னிரண்டில் எது தேறும்? நிஜமாகவே எனக்குப் பாட வருகிறது என்றால் ஸ்டோக்லியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனி தேடுவேன். வரவில்லை என்றால் குடிகாரனாகவே காலத்தை ஓட்டிவிடுவேன். உங்களிடம் எனக்கு ஆயிரம் குறை உண்டு, உங்கள் காதை மட்டும் நான் என்றைக்கும் நம்பினேன்.

வெர்னா

*

மெம்ஃபிஸ்
12 ஜூன் 1957

அன்புள்ள வெர்னா,

நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் பெட்டியில் மூன்று தட்டுகள், பன்னிரண்டு பாட்டுகள். நான் கேட்டது முதல் பாட்டு மட்டும். அது முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டு விமர்சனம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை விசையைத் தள்ளியபோதும் அந்த ஒரே பாட்டுதான், அதுவும் பாதி. என் தவறு உறுதியானதும் நிறுத்திவிட்டேன். பிறகு அது என் கண்ணில் படக்கூடாது என்று, தேவாலயத்தில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் பெட்டியோடு கொடுத்துவிட்டேன்.

நேற்று உன் கடிதம் வந்ததும் அதைத் திரும்ப வாங்க இசைத்தட்டுக் கடைக்கு ஓடினேன். அடுத்த கடைக்கும் போனேன். மூன்றாவது கடைக்காரர், "எல்லாம் வித்துப்போச்சு சார், உங்க புண்ணியம். சிரிக்கிறதுக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. மறுபடி வர ரெண்டு வாரம் ஆகும்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தேவாலயத்திலும் விசாரித்தேன். அதுவும் போய்விட்டது.

பாட்டுகளின் பட்டியல் என் மேஜையில் இருக்கிறது. அதில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்காது. மற்றவர்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன், அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். உனக்குச் செய்யக் கை வரவில்லை.

எனவே வெள்ளிக்கிழமை நீ சொல்ல வேண்டிய பதிலுக்கு என் காதை நம்பாதே. உனக்குப் பாட வருகிறதா என்று எனக்குத் தெரியாது, வெர்னா. ஆறு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியவன் இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

வீட்டை விட்டுப் போன அன்று வாசலில் நின்று, "நான் சொல்றத ஒருநாளாவது முழுசாக் கேட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தாய். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் குறுக்கே பேசிவிட்டேன்.

ஆல்டன்