அழுங்குக் கதையின் நடுத்தாள்

அக்கா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சிச்சாலையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மண் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பிராணிக்கு நான் சத்தமாக வணக்கம் சொன்னேன். சுகமாக இருக்கிறாரா என்றும் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஜேர்மன் அம்மா தன் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டார். என் மகள் என்னைத் தெரியாதவள் போலப் பென்குவின் பக்கம் நடந்துபோனாள்.

அது நம் கதையின் அழுங்கு, அக்கா. நீங்கள் ஒருநாளும் நேரில் பாராத, ஆனால் உங்கள் குசினியில் மூன்று கிழமை எங்களோடு குடியிருந்த அழுங்கு.

உங்களுக்கு நினைவிருக்கும். கன்டீனில் கோப்பை கழுவி முடித்த ஒரு பின்னேரம் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். கூட்டுறவுக் கோப்பி விற்கிற சின்னக் கடை ஒன்றில் கூட்டம். மெக்சிக்கோவின் தெற்கு மலைகளிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். பறிபோன நிலத்துக்காக எழும்பி நிற்கிற மலைச் சனங்களில் ஒருவர். அவர் தன் மொழியில் கதை சொல்ல, ஒருவர் அதை ஸ்பானியத்தில் சொல்ல, இன்னொருவர் ஜேர்மனில் சொல்ல, நீங்கள் என் காதுக்குள் தமிழில் சொன்னீர்கள். நான்காவது வாயால் வந்த கதை. நான் இலவசக் கோப்பிக்காகத்தான் வந்திருந்தேன். மூன்று கோப்பை ஆறிப்போனது.

பண்ணைக்காரன் சனங்களின் சோள நிலத்தைச் சுற்றி வேலி போடுகிறான். காட்டு மிருகங்கள் கூட்டம் கூடுகின்றன. கிளி கத்துகிறது, சுடப்படுகிறது. மான் முட்டுகிறது, சுடப்படுகிறது. ஓடு போர்த்த சின்னப் பிராணி ஒன்று மட்டும் பேசாமல் போய் ஒவ்வொரு கம்பமாக அடிமண்ணைத் தோண்டுகிறது. ஒருநாள் அதையும் கொன்று, ஓட்டை வேலியில் தொங்கவிடுகிறான். ஆனாலும் அடுத்த நாள் இன்னொரு கம்பம் சரிகிறது. அதன் பிள்ளைகள் தோண்டுகின்றன. மழை வருகிறது, வேலி விழுகிறது, சனங்கள் உள்ளே போய் விதைக்கிறார்கள்.

ஊரில் உங்கள் காணியைச் சுற்றி ஆமி போட்ட வேலி அப்போதும் நின்றது. எங்கள் எசன் நகரத்தில் ட்ராமை விட்டு இறங்கியதும் சொன்னீர்கள்.

"இதை எங்கட சனம் வாசிக்க வேணும், தம்பி."

அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவர்கள் பக்கத்தில் ஒரு கதையை அடுத்த ஊருக்கு இரண்டு பேர்தான் கொண்டுபோவார்களாம். ஒருவர் சொல்வார். மற்றவர் கூடவே இருந்து, பிழை விட்டால் அந்த இடத்திலேயே திருத்துவார். ஆயுதம் எடுத்த இடத்தில் சொல்கிற கதை தவறினால் ஆளின் உயிரே போய்விடும் என்றாராம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நீர்தான் என்ர திருத்துறவர். உமக்கு விளங்கினால் ஊருக்கே விளங்கும்."

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்குக் கிடைத்த ஒரே பதவி அது. நீங்கள் முதலில் ஜேர்மன் பெயரை அப்படியே மாற்றி 'இடுப்புப்பட்டி கட்டிய மிருகம்' என்று எழுதினீர்கள். காற்சட்டை நழுவுகிற மிருகமா என்று கேட்டு நான் கதிரையில் உருண்டு சிரித்தேன். பிறகு வன்னியில் நான் பார்த்த, உடம்பெல்லாம் செதிலோடு எறும்பு தின்கிற அழுங்கைச் சொன்னேன். அதே இல்லை, ஆனால் அதுவும் சுருண்டுகொள்ளும், அதுவும் கிண்டும். நீங்கள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு எனக்கு ஒருவரும் சான்றிதழ் தரவில்லை.

உங்கள் சின்னப் பத்திரிகையில் எழுதுவதும் தட்டெழுதுவதும் நீங்கள். தாள் அடுக்கி ஸ்டாப்ளர் அடிப்பது நான். பக்க எண் போடுகிற வித்தை அந்த முறை உங்கள் கணினிக்கு வரவில்லை. தாள்களின் ஒழுங்கை என் கையில் தந்தீர்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தாள்களைக் குவித்துவைத்து, கோயில் சுற்றுகிறவன் போல நடந்து நடந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதியில் நீங்கள் தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்தீர்கள். இடம் விட இரண்டு குவியலைத் தூக்கினேன். தூக்கும்போது அத்தானின் வழுக்கையைப் பற்றி ஏதோ பகிடி விட்டேன். திரும்ப வைக்கும்போது நடுத்தாளும் கடைசித்தாளும் இடம் மாறிவிட்டன.

அதற்கு முன் அடுக்கிய பாதிப் பிரதிகள் உங்களுக்கும் எசன்காரருக்கும். அது சரி. பிறகு அடுக்கிய மறுபாதி ஹம்பேர்க்குக்கு.

அங்கே கதை இப்படிப் போனது: வேலி விழுகிறது, சனங்கள் விதைக்கிறார்கள், பிறகு அழுங்கு சாகிறது, அதன் ஓடு வேலியில் தொங்குகிறது. அதோடு தாள் முடிகிறது.

ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டார். விழுந்த வேலி எப்படி நிமிர்ந்தது, தோற்றது போதாதென்று தோற்கிற கதையை இறக்குமதி செய்து தருகிறீர்களா என்று கேட்டிருந்தார். நீங்கள் உங்கள் பிரதியை எடுத்து வரி வரியாகப் பார்த்தீர்கள். தாள் சரியாகத்தானே இருந்தது. ஆகவே பிழை உங்கள் தமிழில் என்று முடிவெடுத்தீர்கள்.

"அந்தச் சனத்தின்ர வெற்றியை நான் தோல்வியாக்கிப் போட்டன்."

இரண்டு மாதம் கழித்து, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ஹம்பேர்க் போனேன். பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் நம் பத்திரிகை இருந்தது. இதற்கு ஸ்டாப்ளர் அடித்தது நான்தான் என்று கடைக்காரருக்குக் காட்ட விரித்தேன். விரலை வைத்து வாசித்தேன். கடைசித்தாளில் விரல் நின்றுவிட்டது. மிச்சமிருந்த ஐந்தையும் கேட்டு வாங்கி, ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டியிருப்பீர்கள், பிறகு சிரித்திருப்பீர்கள். வீட்டு வாசல்வரை வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, இனி மொழிபெயர்ப்பு இல்லை, சமையற்குறிப்புப் போடுவோம் என்றீர்கள். நான் கத்தரிக்காயைப் பற்றிப் பகிடி விட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி மாதத்தில் நீங்களாகவே அந்தப் பேச்சை எடுத்தீர்கள். அத்தான் கோப்பி எடுக்கப் போயிருந்தார்.

"அந்த அழுங்குக் கதை ஏன் தம்பி பிழைச்சுது?"

"ஹம்பேர்க்காரருக்கு மண்டையில சரக்கில்லை, அக்கா."

சிரித்தீர்கள். சிரிக்கும்போது நோகிறது என்று வயிற்றைப் பிடித்தீர்கள். உங்களைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று பெருமையாக பஸ் ஏறினேன்.

போன மாதம் உங்கள் மகள் ஒரு கொப்பியோடு வந்தாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அழுங்குக் கதையை நீங்கள் சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டி ஏழு தரம் திரும்ப எழுதியிருந்தீர்கள். பிழையே இல்லாத கதையை. அதற்குப் பின்னால் அந்தப் பெண் சொன்ன இன்னும் இரண்டு கதைகள், பாதியோடு நிற்கின்றன.

"மாமா, அம்மா என்ன பிழையைத் தேடினவா?"

அவளுக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்லாததை. அவள் கொப்பியை மூடி மடியில் வைத்தாள். பிறகு, அம்மாவின் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கோ என்றாள். தான் பக்கத்தில் நின்று திருத்துவதாகவும் சொன்னாள்.

நேற்றுச் சொன்னேன். ஹம்பேர்க் பெரியவரும் தடியூன்றி வந்திருந்தார். முதலில் குவியல் மாறியதைச் சொன்னேன், பிறகு கதையை ஒழுங்காக, தாள் இல்லாமல். கிளிக்கு முன்னால் மானைக் கொண்டுவந்த இடத்தில் உங்கள் மகள் என் கையைத் தட்டினாள். அந்தக் கதைதான் இப்போது என்னிடம் இருக்கிறது, அக்கா, முழுதாக. நீங்கள் இல்லாமல். பாதியில் நிற்கும் இரண்டையும் அவள் ஜேர்மன் மொழியில் தேடுகிறாள். தமிழுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

கதையில் மழை வருகிற இடத்தில் மண்டபம் இருண்டது. ஆள் அசைந்தால் மட்டும் எரிகிற விளக்குகளாம். நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் அசையவில்லை. வெளிச்சம் வரட்டும் என்று நான் மைக் பிடித்த கையை வீசினேன். விளக்கு எரிந்தது. மைக் நழுவி, பக்கத்திலிருந்த பாயாசக் கிடாரத்துக்குள் விழுந்தது. மிச்சக் கதையை மைக் இல்லாமல் சொல்லி முடித்தேன். பாயாசம் பத்து நிமிடம் பிந்தித்தான் பரிமாறப்பட்டது.