ஆரோனின் இரண்டு படங்கள்

துவாரகா, செக்டர் 6
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் உங்களையும் அண்ணியையும் சுகமாய் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். பாலம் காலனி ஒன்றும் தூரமில்லை. ஆனால் தேர்தல் முடிவு வந்த அன்று சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனவரைத் தேடி வர எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கட்சியைப் பற்றி அன்று நான் சொன்னது எதையும் இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

விஷயம் வேறு. என் பிள்ளை ஆரோன் பட்டாளப் பயிற்சியில் சுவர் தாண்டிக் குதிக்கும்போது விழுந்துவிட்டான். இடது முழங்காலில் சவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஸ்கேன் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். இருபது வருட நர்சுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இனி அவனால் பழையபடி ஓட முடியாது.

நாலு வருட வேலைக்காகப் பட்டாளத்துக்குப் போகாதே என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். தினமும் விடியற்காலையில் பார்க்கில் ஓடவிட்டு அவனைச் சேர்த்துவிட்டது நீங்கள். தகப்பனில்லாத பிள்ளை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் தங்கை
எவாஞ்சலின்


பாலம் காலனி
17 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்த மறுநாளே ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளை தைரியமாக இருக்கிறான். “மாமா, கால் சரியானா திரும்ப எடுத்துப்பாங்களா?” என்று கேட்டான். எடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அவனை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பதினெட்டு வயதில் நானும் நாகர்கோவிலில் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் வரிசையில் போய் நின்றேன். என்னையும் யாரும் அனுப்பவில்லை. தானாகப் போய் நிற்கிறவனுக்கு ஒரு முதுகெலும்பு வரும். நம் வீட்டுக்கு மூன்று வேளைச் சோறு வந்ததும், நீ நர்சிங் படித்ததும் அந்த முதுகெலும்பால்தான். விழுந்தது விபத்து. அதை என் கட்சியின் தலையில் கட்டாதே.

ஆபிரகாம்


துவாரகா
2 ஜூன் 2025

அண்ணனுக்கு,

போனதற்கு நன்றி. ஆனால் எடுப்பார்கள் என்று ஏன் சொன்னீர்கள்? தகுதியில்லை என்று எழுதி, போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட் சத்தம் கேட்டால் தபால்காரரா என்று எழுந்து பார்க்கிறான்.

தானாகப் போனான் என்கிறீர்கள். இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தவன் அவன். வேறு கதவு திறந்திருந்தால்தானே இந்தக் கதவைத் தானாகத் தட்டினான் என்று சொல்லலாம்? நீங்கள் பதினேழு வருடம் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். நாலு வருடம் முடித்தால்கூட இவனுக்கு அது கிடையாது.

நேற்று டியூட்டி முடிந்து வரும்போது உங்கள் மார்க்கெட் முனையில் பேனரைப் பார்த்தேன். உங்கள் கட்சிக்காரருக்குப் பக்கத்தில் யூனிஃபார்மில் ஆரோன். ‘நம் பகுதியின் வீரன்’ என்று ஹிந்தியில். வீட்டில் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவனை அங்கே நிற்கவைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தை நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும். எடுத்துவிடுங்கள்.

எவாஞ்சலின்


பாலம் காலனி
20 ஜூன் 2025

எவாஞ்சலின்,

கொடுத்தது நான்தான். பெருமையில் கொடுத்தேன். எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் எங்களை எதிர்க்கிற உன் ஆட்கள் போட்ட வீடியோ எனக்கு வந்தது. உன் வீட்டு சோபாவில், கைத்தடியைப் பிடித்தபடி, பட்டாளம் தன்னைத் தூக்கி எறிந்துவிட்டதாக என் மருமகன் சொல்கிறான். அந்த வார்த்தை அவனுடையது இல்லை. யாரோ எழுதிக் கொடுத்தது. காமிராவை உள்ளே விட்டது யார்? நான் அவனை வீரனாகக் காட்டினேன். நீ பிச்சைக்காரனாகக் காட்டினாய்.

பேனர் இருக்கும்.

ஆபிரகாம்


துவாரகா
30 ஆகஸ்ட் 2025

அண்ணே,

ஆரோன் வீட்டை விட்டுப் போய்விட்டான். மூன்று வாரமாகிறது. ஒருமுறை யாருடைய போனிலிருந்தோ பேசினான். சூரத்தில் ஏதோ கோடவுனில் வேலையாம். எந்தக் கோடவுன் என்று கேட்டதும் வைத்துவிட்டான். அந்த நம்பருக்கு இப்போது யாரும் எடுப்பதில்லை.

வீடியோவில் அவன் சொன்ன அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தது நான். அவன் படிக்க மாட்டேன் என்றான். உன்னைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

கிளம்பும்போது அவன் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “சரிம்மா, மாமாவுக்கு யூனிஃபார்ம் போட்ட ஆரோன் வேணும். உங்களுக்குக் கைத்தடி வெச்ச ஆரோன் வேணும். நைட்டு எனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றான்.

தினமும் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தவள் நான். கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்த்திருக்கிறேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீங்களும் அண்ணியும் வர வேண்டாம். வந்தால் முதல் பத்து நிமிடம் அழுவோம். பிறகு யாரால் என்று ஆரம்பிப்போம். நீங்கள் விட மாட்டீர்கள், நானும் விட மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்.

அவன் உங்களைக் கூப்பிட்டால் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே இருக்கிறாய் என்றும் கேட்காதீர்கள். அவன் பேசுகிறவரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

எவாஞ்சலின்