விம்மிப் பாடிய இசைத்தட்டு

நேற்று உங்கள் பாட்டைக் கேட்டேன். லீவுக்கு வந்திருக்கும் நம் மகனுடைய மகள், சுவரில் மாட்டியிருக்கும் இசைத்தட்டு அட்டையைப் பார்த்து, அதே பாட்டுகளைக் கைபேசியில் தேடி எடுத்துவிட்டாள். அட்டையில் தலைமயிர் வளர்த்த ஐந்து வெள்ளைக்காரப் பையன்கள், ஒருவன் முகத்திலும் சிரிப்பில்லை. அதே படம் அவள் கையில் மின்னியது. நம் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள். நீங்கள்தான் பார்க்காமல் போய்விட்டீர்கள்.

மௌத் ஆர்கன் ஊதியது. பிறகு பாடுகிறவன் குரல் வந்தது. எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

"வேற ஆள் பாடுனத போட்டுட்டியா?"

"இதேதான் அப்பாயி. அட்டையில உள்ள பேருதான் இங்கயும் இருக்கு."

ஆனால் அவன் அழவே இல்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, பங்களாவில் சமைத்த உங்களுக்கு பெட்டரியில் ஓடும் பாட்டுப்பெட்டியையும் அந்த ஒரு தட்டையும் கொடுத்தார். கொட்டும் மழையில் கம்பளிக்குள் பொத்திக் கொண்டுவந்தீர்கள். "நீ இத கேக்கணும் புள்ள. காட்டுல பஞ்சு பொறுக்குன கறுத்த ஆளுங்க பாட்டாம். அதக் கேட்டுத்தான் இந்தப் பயலுக பாடப் பழகுனானுங்களாம். தொரை சொன்னாரு" என்றீர்கள்.

மறுநாள் நீங்கள் பெட்டரி வாங்கப் பதுளை டவுனுக்குப் போனீர்கள். ஈரம் போகட்டும் என்று தட்டை அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் வைத்துவிட்டு நான் கொழுந்து பறிக்கப் போனேன். வந்து எடுத்தால், பொரித்த அப்பளம் போல ஓரம் நெளிந்திருந்தது. அரிசி மூட்டையை மேலே ஏற்றி வைத்துப் பார்த்தேன், நிமிரவில்லை. உங்களிடம் சொல்லவும் இல்லை.

நீங்கள் வந்து பெட்டியில் வைத்தீர்கள். முள் ஏறி ஏறி இறங்கியது. குரல் விம்மி விம்மி வந்தது. குனிந்து தட்டைப் பார்த்தீர்கள். பிறகு அண்ணாந்து பரணைப் பார்த்தீர்கள். நீங்கள் அப்படிப் பார்த்தது எனக்கு நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது.

"ஏங்க இப்புடி இழுத்து இழுத்துப் பாடுறான்?"

"அழுதுகிட்டே பாடுறான். அவங்க பாட்டு அப்புடித்தான்."

முள் ஓரத்தை விட்டு உள்ளே போகப் போக, அடுத்தடுத்த பாட்டுகளில் விம்மல் குறைந்தது. "பாத்தியா, அழுது ஓஞ்சுட்டான்" என்று சொல்லித் தேத்தண்ணி கேட்டீர்கள். தட்டு நெளிந்தாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

பங்களாவில் அதை எத்தனை தடவை நெளிவில்லாமல் கேட்டிருப்பீர்கள். பிறகு ஒருநாளும் உங்களுக்கு அது கிடைக்கவில்லை. பெட்டி பழுதாகும்வரை, ஞாயிறுதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் கெடுத்ததைத்தான் கேட்டீர்கள். கறியில் உப்புக் குறைந்தால் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிற மனுஷன், இதை மட்டும் சாகும்வரை வாய்திறந்து சொல்லவில்லை.

நேற்று பாட்டு முடிந்த பிறகு தேத்தண்ணி ஊற்றும்போது என் வாய் தானாக அதை முனகியது. வார்த்தை தெரியாது, ராகம் மட்டும்தான். நம் மகனை அதைப் பாடித்தானே தூங்க வைத்தேன். பேத்தி சிரித்தாள்.

"தப்பா பாடுறீங்க அப்பாயி. எங்கப்பாவும் இப்புடித்தான் இழுப்பாரு. ஏன் இந்த இழுவை?"

ஒரு தரம் பரணை அண்ணாந்து பார்த்தேன்.

"அழுதுகிட்டே பாடுறதுடி. அந்தப் பாட்டு அப்புடித்தான்" என்றேன்.