வேண்டாம் என்று சொன்னது யார்

மந்தைவெளி,
6.1.1993

அன்புள்ள ஹமீதுக்கு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் நாடுகிறேன்.

நாம் கூட்டாகத் தையல் கடை போடப் பாண்டி பஜார் சந்தில் பார்த்த இடத்தை எடுக்க வேண்டாம். பூஜையில் உட்கார்ந்து கேட்டேன். உள்ளேயிருந்து வேண்டாம் என்றே வந்தது. பையன் ஸ்ரீவத்சனுக்குப் பள்ளிக்கூடம் மாற்றியதிலிருந்து எல்லாமே அப்படிக் கேட்டுத்தான் செய்கிறேன், உனக்கே தெரியும். இந்த வாரம் உன் வீட்டுக்குத் தைக்கவும் வரவில்லை. கோபிக்காதே.

உன்,
ஜலஜா


தி.நகர்,
9.1.1993

ஜலஜா,

பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகளாக இருக்கிறோம். இதைச் சொல்ல உனக்குத் தபால்காரர் வேண்டியிருக்கிறது.

நானும்தான் கேட்டேன். வழி காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுதேன். எடு என்றுதான் மனம் போனது. அதைப் பேசத்தான் நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "காலம் சரியா இல்லைம்மா. உங்களவாளோட கூட்டு நமக்கு ஒத்து வராது" என்றார். நீ அடுக்களையில்தான் இருந்தாய். பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. நீ வரவில்லை.

உள்ளேயிருந்து வந்ததாமே. எந்த உள்ளே? பூஜை அறையா, கூடமா?

ஹமீது


மந்தைவெளி,
13.1.1993

ஹமீது,

அவர் பேசியதற்கு நான் பொறுப்பில்லை. உனக்குத் தொழுகையில் எடு என்று வந்தால் அது இறைவன். எனக்கு வேண்டாம் என்று வந்தால் அது வீட்டுக்காரரா? என் தெய்வத்தைக் கேலி செய்ய உனக்கு யார் உரிமை கொடுத்தது? எது குரல், எது பிரமை என்று பிரிக்கத் தெரியாதவள் இல்லை நான்.

கடையை நீயே எடுத்துக்கொள். நன்றாக இரு.

ஜலஜா


மந்தைவெளி,
28.6.1993

அன்புள்ள ஹமீதுக்கு,

கடை திறந்துவிட்டாய் என்று நம்மோடு படித்த விஜயலக்ஷ்மி சொன்னாள். நேற்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். இறங்க வேண்டும் போலிருந்தது. உடனே உள்ளே வேண்டாம் என்றது. வீட்டுக்கு வந்து பூஜையில் உட்கார்ந்து, இந்தத் தடவை அதை முழுக்கப் பேசவிட்டேன். "உங்களவாளோட" என்றது. என் தெய்வம் அப்படிப் பேசாது, ஹமீது. மசூதி இடிந்த டிசம்பர் முழுக்கச் சாப்பிடும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை அது. அந்தக் குரல் போய்விட்ட பிறகு உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. வெறும் அமைதி.

நான் திரும்ப வரலாமா?

உன்,
ஜலஜா


தி.நகர்,
19.7.1993

ஜலஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

கடை நடக்கிறது. மழை வந்தால் கூரை ஒழுகுகிறது. துணிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாற்றுகிறோம். ஆனாலும் எனக்குக் கிடைத்த பதில் பொய் என்று நான் நினைக்கவில்லை. எடு என்றுதான் வந்தது, சுகமாக இருக்கும் என்று வரவில்லை.

உங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அதே தொழுகையில் கேட்டேன். மனம் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதனால் இதை இறைவன் தலையில் போடாமல் நானே முடிவு செய்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

பூஜையில் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று வாசலில் நின்றது நான். வெளியே வந்து "உள்ளே வா" என்று சொல்ல உங்களுக்கு எந்தக் குரலும் தேவைப்பட்டிருக்காது.

உங்கள் தையல் மிஷின் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஹமீதுன்னிசா