கீழே பாதி மாத்திரை

ஏப்ரல் 7, திங்கள்

பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கார் பேட்டரி மாற்றியாயிற்று. சாப்பாடு: நேற்றைய குழம்பு.

மதினி போன். பாகம் பிரித்த பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன். அண்ணனுக்கு சிறுநீரகம் பழுது என்பது ஊரறிந்தது. இப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் 6.4, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. டயாலிசிஸ் செய்ய வசதியாகக் கையில் ரத்தக்குழாயை இணைக்க வேண்டுமாம், தேனியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் மதுரையில் பெரிய டாக்டரிடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்கிறார்.

"நீங்க படிச்சவங்க தம்பி. டாக்டரு சொல்றது எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. கூட வாங்க."

படிச்சவன். ஏலத்தோட்டப் பாகப் பிரிவினையில் சித்தப்பா சொன்னதும் அதே: "சின்னவன் படிச்சவன், எப்படியும் பொழச்சுக்குவான். ஓடைப் பக்கம் பெரியவனுக்கு." எனக்கு வறண்ட சரிவு. எம்.எஸ்சி. வேதியியலைக் கரைத்தா ஏலச்செடிக்கு ஊற்றுவது?

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ.

போனை வைப்பதற்கு முன் மெதுவாக ஒரு கேள்வி. "ஒங்களுக்கு ரத்தம் என்ன வகை தம்பி?"

ஓ பாசிட்டிவ். அவனுக்கும் அதே. கேள்வி எங்கே போகிறது என்று தெரியாதவனா நான். டயாலிசிஸ் தொடங்கினால் அடுத்த பேச்சு மாற்றுச் சிறுநீரகம். மதினிக்குச் சர்க்கரை. மகள் கைக்குழந்தைக்காரி. மிச்சம் நான்.

ஏப்ரல் 9, புதன்

மதுரை போய்த் திரும்பியாயிற்று. அசதி. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

அண்ணன் முன்சீட்டில். மதினி பின்சீட்டில். உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தினேன். வேண்டாம் என்றான். மடியில் தண்ணீர் பாட்டில், பேனாவால் கோடு போட்டது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்காம். உதடு வெடித்திருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு என் வயதுகூட இருக்காது. ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். அண்ணனைப் படுக்கவைத்து பிரஷர். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பிரஷர். நின்றதும் தள்ளாடி மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க இருப்பீங்க? போடியிலயா, மலையிலயா?"

"ரெண்டுலயுந்தாம்மா. பதினஞ்சு நாள் மேல தோட்டத்துல. பதினஞ்சு நாள் கீழ."

"இந்த டெஸ்ட்டெல்லாம்?"

"கீழதான். மேல ஏது லேபு?"

"நீர் மாத்திரை, ஒரு லிட்டர் தண்ணி, இதெல்லாம் எப்ப சொன்னது?"

"ஆடி மழையில கால் வீங்குச்சு. மூச்சு முட்டுச்சு. இதய டாக்டரு எழுதுனாரு. அன்னையிலருந்து ஒருநா தப்பல."

மதினி ஊடே: "மேல இருந்தா நல்லாத்தான் இருக்காருங்க. கீழ எறங்குனா ரெண்டு நாள்ல கிறுகிறுன்னு வருதுங்குறாரு."

டாக்டரம்மா விளக்கினார். மலைக்குளிரில், மழையில், வியர்க்காத உடம்புக்குப் போட்ட அளவு. அதே அளவு பங்குனி வெயிலில் ஆளைக் காயவைக்கிறது. காய்ந்த உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைவு. பழைய பழுது பாதி, இந்த நீர்வறட்சி பாதி.

மலைக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு இறங்குவோம். மாத்திரையை மாற்ற எவனுக்குத் தோன்றும்?

"அப்ப தண்ணி நெறைய குடிக்கலாமாம்மா?"

"கூடாது. ஒங்க இதயம் தாங்காது. அதுதான் செரமம். ஒண்ணுக்கு நல்லது இன்னொண்ணுக்கு ஆகல."

எங்கள் எதிரிலேயே இதய டாக்டருக்கு போன் போட்டுப் பேசினார். முடிவு: கீழே இருக்கும்போது பாதி மாத்திரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர். தினமும் காலையில் எடை. ரெண்டு கிலோ ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வர வேண்டும். பொட்டாசியம் கட்டுக்குள், சிறுநீர் போகிறது, வாந்தி இல்லை. அதனால் ஒரு வாரம் பொறுக்கலாம். ஆபரேஷன் இப்போது வேண்டாம்.

"முழுசா சரியாகும்னு சொல்லல. கிரியாட்டினின் எறங்கலன்னா டயாலிசிஸ்தான்."

நேராகப் பேசுகிற மனுஷி. இந்த ஊரில் எனக்கு அப்படி யாரும் வாய்த்ததில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வீட்டு எடை மெஷினை அண்ணன் நம்ப மாட்டானாம். ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோனில் மூட்டை நிறுக்கும் தராசில்தான் ஏறுவான். நான்தான் போய்ப் படித்துச் சொல்ல வேண்டும், அவனே பார்த்தால் குறைத்துச் சொல்வான் என்று மதினி.

குடோனில் காய் பொறுக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"பெரியவரு என்ன ரகம் அண்ணே?"

"எட்டு எம்எம்மு, உசத்தி ரகம். ஏலத்துல மொத லாட்டு," என்றான் அண்ணன்.

"காஞ்சு சுருங்கிப்போன காய்க்கு எட்டு எம்எம் வெல கேக்குறாரு பாரு."

சிரித்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எடை ஒன்றரை கிலோ கூடுதல். டாக்டரம்மாவுக்கு போன். தலையை உயர்த்தாமல் படுத்துத் தூங்குகிறாரா? தூங்குகிறான். காலை அழுத்தினால் குழி விழுகிறதா? குனிந்து அழுத்திப் பார்த்தேன். அவன் காலைத் தொட்டு எத்தனை வருஷம். குழி இல்லை.

"காஞ்ச உடம்பு ஊறுது. மாத்தாதீங்க. நாளைக்கும் சொல்லுங்க."

டயாலிசிஸ் என்றாகிவிட்டால் என்னிடம் கேட்பார்கள். மாட்டேன் என்றால் ஊர் காறித் துப்பும். சரி என்றால், அவனுக்கா?

ஏப்ரல் 16, புதன்

கிரியாட்டினின் 4.1.

மூன்று முறை படித்துப் பார்த்தேன். லேப் வாசலில் நின்றே டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நல்லது சார். இப்போதைக்கு டயாலிசிஸ் வேணாம். மாசாமாசம் பாப்போம்."

வண்டிப்பேட்டையில் கரும்புச்சாறு குடித்தேன். இரண்டு டம்ளர். தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல. அவனுக்காகவா எனக்காகவா, ஆராயப் போவதில்லை.

சாயங்காலம் அண்ணன் வீடு. மதினி கேசரி கிண்டியிருந்தார். கேட்டைத் திறந்துவிட வந்தபோது அண்ணன் சொன்னான்:

"பின்னாடி தேவப்பட்டாலும் ஒங்கிட்ட கேக்க மாட்டேன்டா. ஒம் மதினிகிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"கேக்க மாட்டேன். அவ்வளவுதான்."

வீடு வந்து சேரும்வரை கோபம். கொடுப்பேனா மாட்டேனா என்று நான் சொல்ல வேண்டும். அதையும் அவனே முடிவு செய்வானா? எல்லாப் பிரிவினையிலும் இதே கதை.

ஏப்ரல் 18, வெள்ளி

லேசான தூறல். டாக்டரம்மாவிடம் வேறு எதையோ கேட்பது போலக் கேட்டேன், ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, அப்படிப்பட்டவன் கொடுக்கலாமா என்று.

"கொடுக்கலாம், டெஸ்ட்டெல்லாம் சரியா இருந்தா. ஆனா இப்ப எதுக்கு சார் அந்தப் பேச்சு? ஒங்க அண்ணன் மலைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க. மேல போனா மாத்திரை அளவ மறுபடி மாத்தணும்."

உடனே மதினிக்கு போன்.

"அவரு விடியமுன்ன ஜீப்பு ஏறிட்டாரே தம்பி. மேல மழையாம், சோலி கெடக்குன்னாரு."

மாத்திரை பாதியா, முழுதா? மதினிக்குத் தெரியவில்லை. மேலே குளிரில் பாதியே போட்டால் மறுபடி கால் வீங்கும், மூச்சு முட்டும். அவன் போன் போகவில்லை. போடிமெட்டு தாண்டினால் யாருக்கும் போகாது. பாகம் பிரித்த அன்று, அவன் ஓடைப் பக்கம் காலே வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஸ்வெட்டரைத் தேடி எடுத்தாயிற்று. தோட்டத்துப் பாதையில் கார் ஏறாது, அடுத்த ஜீப்பு மூன்று மணிக்கு.