தம்பியின் ஊரும் என் தெருவும்

ஜனவரி 9
காலையில் தம்பி போன் செய்தான். வழக்கமான பாட்டுதான். அவன் ஊர் கார் கம்பெனிக்கு மட்டும் ஸ்பிரிங் செய்து ராஜாவாக இருக்கிறானாம்; நான் இன்னும் கதவு, கட்டில், தராசு, தையல் மெஷின் என்று கண்டதற்கும் ஸ்பிரிங் சுற்றிக்கொண்டிருக்கிறேனாம். "மளிகைக் கடை மாதிரி பட்டறை நடத்துறது நீ ஒருத்திதான்க்கா" என்றான். மளிகைக் கடைக்காரன் என்றைக்குடா பட்டினி கிடந்தான் என்று கேட்டேன். சிரித்தான்.

பிப்ரவரி 21
கார் விற்பனை படுத்துவிட்டதாம். கம்பெனியில் ஒரு ஷிப்ட் நிறுத்தம். சீக்கிரம் சரியாகிவிடும் என்கிறான்.

மார்ச் 14
மந்தம் இங்கேயும் வந்துவிட்டது. வீடு கட்டுவது நின்றால் கதவு ஏது, கதவு ஸ்பிரிங் ஏது? ஆனாலும் நான் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. எங்கள் தெருவில் அந்தப் பழக்கம் கிடையாது. வேலை இல்லாத பட்டறை தன் ஆட்களை வேலை இருக்கிற பட்டறைக்கு அனுப்பும். நிலைமை மாறியதும் அவர்கள் திரும்பி வருவார்கள். வந்த ஆளை அங்கேயே வளைத்துப் போடக் கூடாது. போட்டவனுக்கு அடுத்த முறை தெருவில் ஆள் கிடைக்காது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்பவருக்கு இப்போது மூச்சு விட நேரமில்லை. என் ஆட்கள் இரண்டு பேர் அங்கே போயிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3
தம்பி ஊருக்குப் போய் வந்தேன். கம்பெனி மொத்தமாக மூடிக் கிடக்கிறது. சம்பளம் நின்றதும் சலூன், தையல் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஈ ஓட்டுகின்றன. தம்பி தன் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு எங்காவது வாட்ச்மேனாகப் போகப் போவதாகச் சொல்கிறான். எங்கள் தெருப் பழக்கத்தைச் சொன்னேன்.

"யார்கிட்டக்கா அனுப்புறது? இந்த வரிசை பூரா ஒரே சாமான்தான். எல்லாரும் ஒண்ணாப் படுத்திருக்கோம்."

எதிர்ப் பட்டறைக்காரரோடு அவன் பேசியே வருஷக்கணக்காகிறது. ஒரே ஆர்டருக்கு அடித்துக்கொள்கிறவர்கள்.

எங்கள் தெருவைக் காப்பாற்றுவது நல்ல மனசு என்றல்லவா இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன்! வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க யார் எழுந்திருப்பது? நாங்கள் ஆளுக்கொரு சாமான் செய்கிறோம். அதனால்தான் எங்கள் நல்ல மனசுக்கு வேலை இருக்கிறது.

என்னோடு வந்துவிடு என்றேன்.

ஏப்ரல் 4
வர மாட்டானாம். அக்காகிட்ட கைகட்டி நிக்க மாட்டானாம். உனக்குச் சோறு ஊட்டினவடா நான் — அப்பல்லாம் வராத கௌரவம் இப்ப எங்கேருந்து வந்துச்சு? போடா.

மே 2
வந்துவிட்டான். பட்டறையைப் பூட்டி வைத்திருக்கிறான், இன்னும் விற்கவில்லை. நான் என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் தினம் ஒரு சண்டை. தராசு செய்பவரிடம் அனுப்பினேன்.

ஜூன் 18
தராசுக்காரர் வந்திருந்தார். மெல்லிய கம்பியில் தம்பிக்குக் கை நன்றாகப் படிந்துவிட்டதாம். போகும்போது, "நீங்க வந்து வந்து புத்தி சொல்றத நிறுத்தினா இன்னும் நல்லா செய்வார்" என்றார். நானா? அந்தப் பக்கம் போகிறபோது எட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு குற்றமா?

ஆகஸ்ட் 11
கார் கம்பெனி திறந்துவிட்டது. முழு ஆர்டர் தருகிறோம் என்று தம்பியைக் கூப்பிட்டார்கள். மூட்டை கட்டிவிட்டான். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மறுபடியும் அதே கிணற்றில்தான் குதிக்கப் போகிறான். பயமாக இருக்கிறது.

நவம்பர் 27
தம்பி பேசினான். கார் கம்பெனியிடம் பாதி ஆர்டர்தான் எடுத்தானாம். மீதிக்குத் தராசு ஸ்பிரிங், மருந்தடிக்கிற பம்பு ஸ்பிரிங். இந்த மாதம் வேலை கொஞ்சம் மட்டம் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"ரெண்டு பேரை எதிர்ப் பட்டறைக்கு அனுப்பியிருக்கேன்க்கா. அவருக்கு டிராக்டர் வேலை வந்திருக்கு. அவரே வந்து கேட்டார்."

சொல்லிவிட்டு, அங்கே மழை உண்டா என்று கேட்டான். மழை இல்லை என்று மட்டும் சொன்னேன்.