எனக்குத்தான் அந்தப் புத்தகம்

மார்ச் 4, செவ்வாய்

பட்டறை விற்ற பணம் என் பெயரில் வங்கியில் ஏறிவிட்டது. போய்ச் சேர்கிறவரை இவர் முப்பது வருஷம் இரும்புத் தூளை மூச்சில் இழுத்துக் கட்டிய லேத் பட்டறை. அதற்குள் மகன் வந்து நிற்கிறான். மொத்தத்தையும் ஒரே கம்பெனி ஷேரில் போட வேண்டுமாம். சிநேகிதன் சொன்னானாம்.

"மூணே மாசத்துல டபுள்மா. நீ கையெழுத்து மட்டும் போடு."

"என்ன ஏதுன்னு படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்."

சிரித்தான். ஏன், ஐந்தாவது படித்தவள் படிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

மார்ச் 6, வியாழன்

அவனே நான்கு புத்தகம் வாங்கி வந்தான். "புதுசா கத்துக்கறவங்களுக்குன்னு கேட்டு வாங்கினேன்மா." பக்கத்துக்குப் பக்கம் விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மெழுகுவத்தி மாதிரி பச்சையும் சிவப்புமாய்க் கட்டைகள். காலையில் வாங்கி மத்தியானம் விற்பதற்கு ஒரு முழுப் புத்தகம்! கண்ணில் புரை வேறு. ஒரே பக்கத்தை மூன்று தரம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. விடுவேனா.

மார்ச் 9, ஞாயிறு

தட்டு வைக்கப் போன இடத்தில் காதில் விழுந்தது. மருமகள்தான் கேட்டாள்: "அத்தைக்கு எதுக்குங்க இவ்வளவு கஷ்டமான புக்கு? ஈஸியா ஒண்ணும் கிடைக்கலையா?"

"கிடைக்காம என்ன? நாலு பக்கம் புரட்டிட்டு, நீயே பார்த்துக்கடான்னு அவங்களே சொல்லட்டும்."

எனக்குப் புரியாததாகப் பார்த்துத் தேடி வாங்கியிருக்கிறான். நான் பெற்றவன்.

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

நூலகத்துக்குப் போனேன். ஷேர் பற்றி ஆரம்பப் புத்தகம் வேண்டும் என்றதும், யாருக்கு என்று கேட்டார் நூலகர். வாய் கூசியது. பேரனுக்கு என்று சொல்லித் தொலைத்தேன். வீட்டில் வந்து பிரித்தால், உண்டியலுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, எறும்பு ஒன்று காசு சேர்க்கிறது.

வேணும்டி உனக்கு. வீறாப்புக்குக் கூலி.

மார்ச் 12, புதன்

திருப்பிக் கொடுத்து, "எனக்குத்தாங்க வேணும்" என்றேன்.

"பெரிய எழுத்தா பார்க்கட்டுமாம்மா?"

"எழுத்து சின்னதா இருந்தா பரவாயில்லை. பொய் பெருசா இருக்கக்கூடாது."

சிரித்துக்கொண்டே மூன்றை மேசையில் வைத்தார். பொருளடக்கத்தில் நஷ்டம் என்ற சொல்லைத் தேடினேன். இரண்டில் மருந்துக்கும் இல்லை. மூன்றாவதில் முதல் பாடமே அதுதான். எடுத்துக்கொண்டேன். இவரும் அப்படித்தான், பட்டறைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதலில் மெஷினில் விரல் துண்டாகிற இடத்தைத்தான் காட்டுவார்.

மார்ச் 20, வியாழன்

எட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. ஆகட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சீக்கிரம் தேவைப்படுகிற பணத்தை ஷேரில் போடக்கூடாது, போடுவதையும் ஒரே கம்பெனியில் கொட்டக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்கும் சாப்பாட்டுக்கும் வங்கியிலேயே கிடக்கட்டும். மீதியை நான் நிதானமாகப் பார்த்துப் போடுகிறேன் என்றேன்.

"அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு எனக்குப் பாடம் நடத்தறியா?"

"அஞ்சாவதோட நிறுத்தினது எங்கப்பன். நீ எம்.காம். வரைக்கும் போனியே, அது யார் வளையல்ல போனே?"

சொல்லியிருக்கக்கூடாதோ? வாயை விட்டுப் போய்விட்டது. பொய்யா சொன்னேன்?

"உன் பணத்தை நீயே கட்டிக்கிட்டு அழு" என்றான்.

மார்ச் 30, ஞாயிறு

வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அலுவலகம் பக்கமாம். மருமகள் மட்டும் வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "மாத்திரையை மறந்துடாதீங்க அத்தை" என்றாள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே இருந்தான்.

போகட்டும். எனக்கென்ன.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை குழம்புகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஷேர் கணக்கு தொடங்க நானே போனேன். கணினி முன்னால் இருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தட்டுத் தடுமாறவில்லை, எல்லாம் படித்ததுதான். கடைசியாக, "உங்களுக்கு அப்புறம் இது யாருக்குப் போகணும்மா?" என்றாள்.

மகன் பெயரைச் சொன்னேன். இனிஷியலைச் சரியாகப் போடச் சொன்னேன்.

"அவர் போன் நம்பர்?"

மனப்பாடமாகச் சொன்னேன்.

"கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

"இப்ப வேண்டாம்மா. அப்பக் கூப்பிட்டா போதும்."